பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஆசிட் ஊற்றினால் பாழாகும் செட்டிநாட்டு தரை! கழுவுவது எப்படி? சீலர் பூசுவது எப்போது?

காரைக்குடி:

கல்யாணம், மணிவிழா, கோவில் கும்பாபிஷேகம் என்று ஏதாவது விசேஷம் வந்துவிட்டால் போதும். வருடம் முழுக்க பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீடுகள் திறக்கப்படும். சென்னையில் இருந்தும் சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தும் பங்காளிகள் வந்து இறங்குவதற்குள் வீட்டை கழுவி சுத்தமாக்க வேண்டும். வவ்வால் எச்சம், புறா எச்சம், ஒரு விரல்கடை தூசி, மழைத்தண்ணீர் நின்ற கறை எல்லாம் இருக்கும். கையில் இருப்பதோ இரண்டு நாள். அப்போது ஆட்கள் முதலில் தேடுவது ஆசிட் கேனைத்தான்.

ஊற்றியதும் தரையில் நுரை பொங்கும். "பாத்தீங்களா, அழுக்கு எப்படி போகுது" என்பார்கள். ஆனால் அங்கே பொங்குவது அழுக்கு அல்ல. தரைதான் கரைந்து நுரையாக போகிறது. நூறு வருடம் மூன்று தலைமுறை நடந்தும் தேயாத தரையை அரை மணி நேரத்தில் காலி செய்ய இதைவிட சுலபமான வழி கிடையாது.

கொத்தமங்கலம், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், ஆத்தங்குடி என்று செட்டிநாட்டு ஊர்களை பார்க்க வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கொத்தமங்கலத்தில் உள்ள சாரதா விலாஸ் வீட்டை பிரான்ஸ் நாட்டு கட்டிட கலைஞர்கள் இருவர் புதுப்பித்து தங்கும் விடுதியாக மாற்றியது பலருக்கும் தெரிந்த விஷயம். 2014-ம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய சின்னங்களுக்கான தற்காலிக பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. வருகிறவர்கள் அண்ணாந்து பர்மா தேக்கை பார்க்கிறார்கள். குனிந்து பார்த்தால் தெரிவது தரை. தூணில் கீறல் விழுந்தால் ஆசாரியை கூப்பிட்டு சரி செய்துவிடலாம். ஆசிட் தின்ற தரையை பழையபடி ஆக்குவது அவ்வளவு சுலபம் இல்லை.

உங்கள் வீட்டில் என்ன கல்?

கழுவுவதற்கு முன்னால் காலுக்கு கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் ஒரே தரை கிடையாது. முகப்பில் இத்தாலி மார்பிள் இருக்கும். பட்டாலையில் ஆத்தங்குடி பூக்கல் இருக்கும். முற்றத்தில் கருங்கல் பலகை, பின்கட்டில் சிவப்பு காவி போட்ட சிமெண்டு தரை, அடுப்படியில் பிற்பாடு போட்ட கடப்பா கல். இப்போது புதிதாக வீடு கட்டுகிறவர்களும், விடுதி நடத்துகிறவர்களும் ராஜஸ்தானில் இருந்து ஜோத்பூர், தோல்பூர் மணற்கல்லையும் கோட்டா கல்லையும் இறக்கி வாசலிலும் தோட்டத்து நடைபாதையிலும் பதிக்கிறார்கள்.

இதில் மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் சுண்ணாம்பு சத்து உள்ள கற்கள். ஆத்தங்குடி கல்லோ கல்லே கிடையாது, சிமெண்டு. இவை எல்லாமே ஆசிட் பட்டால் கரையும்.

மணற்கல் கொஞ்சம் வித்தியாசமானது. பேருக்கு ஏற்றபடி மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டு கல்லானது. மணலை ஆசிட் ஒன்றும் செய்யாது. ஆனால் துகள்களை ஒட்டவைத்திருக்கும் 'பசை' எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சில மணற்கல்லில் அந்த பசை சிலிக்கா. அது உறுதியானது. சிலவற்றில் சுண்ணாம்பு. ஆசிட் பட்டால் பசை கரைந்து மணல் உதிர ஆரம்பிக்கும். சிவப்பு, மஞ்சள் மணற்கல்லில் நிறத்தை கொடுப்பதே இரும்பு சத்துதான். ஆசிட் அதை கிளறிவிட்டால் துருப்பிடித்த மாதிரி திட்டு திட்டாக கறை எழும்பும். பிறகு எதை போட்டு தேய்த்தாலும் போகாது.

மணற்கல் நமக்கு புதிது அல்ல. காஞ்சீபுரம் கைலாசநாதர் கோவிலை 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில்தான் கட்டினான். அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள், சிற்பங்களின் முகம் பல இடங்களில் அரித்து போயிருக்கும். அதே கோவிலில் அடிப்பகுதியில் உள்ள கருங்கல் வரிசை அப்படி அரிக்கவில்லை. மணற்கல் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீரோடு உப்பும் உள்ளே போகும். காயும்போது உப்பு பூத்து மேல்தோலை உரிக்கும். வாசலில் பதித்த ராஜஸ்தான் கல்லுக்கும் இதே கதிதான் என்பதை மறக்க வேண்டாம்.

எலுமிச்சம்பழ சோதனை

எந்த கல் என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு எல்லாம் போக வேண்டியது இல்லை. பீரோவுக்கு கீழே, கதவு மூலை மாதிரி கண்ணில் படாத இடத்தில் எலுமிச்சை சாறு இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்து துடைத்து பாருங்கள். நுரைத்தாலோ, சொட்டு விழுந்த இடம் மங்கலாக தெரிந்தாலோ அது ஆசிட்டுக்கு ஆகாத தரை. கூடவே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். முத்து மாதிரி நின்றால் தரை நல்ல நிலையில் இருக்கிறது. சில நிமிடத்தில் உள்ளே போய் கறுத்தால் தரை எதையும் குடிக்கும். எண்ணெய் கொட்டினாலும் குடிக்கும், குழம்பு கொட்டினாலும் குடிக்கும்.

எலுமிச்சம்பழத்துக்கே இந்த கதி என்றால் கேனில் வரும் ஆசிட் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கழிவறை பீங்கான் தாங்கும், தரை தாங்காது.

நம் வீடுகளில் ஆசிட் கேனே இல்லாமலும் இது நடக்கிறது. குத்துவிளக்கை பட்டாலையிலேயே வைத்து புளி போட்டு தேய்ப்பார்கள். மறுநாள் பார்த்தால் விளக்கு பளபளக்கும், தரையில் வட்டமாக வெள்ளை தழும்பு இருக்கும். திருஷ்டி கழித்து எலுமிச்சம்பழத்தை குங்குமத்தோடு வாசல் கல்லிலேயே நசுக்குவார்கள். மோர் கொட்டினால் அப்புறம் துடைக்கலாம் என்று விடுவார்கள். திருஷ்டி கழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ரெண்டு அடி தள்ளி மண்ணில் நசுக்கினால் திருஷ்டியும் போகும், கல்லும் பிழைக்கும்.

ஆத்தங்குடி கல்லின் ரகசியம்

சிமெண்டு பூக்கல் முறை 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியது. அங்கே எந்திரத்தில் வைத்து அழுத்தி செய்தார்கள். ஆத்தங்குடியில் எந்திரம் கிடையாது, சூளையும் கிடையாது. கண்ணாடி தட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சுக்குள் வண்ண சிமெண்டு கலவையை கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த சிமெண்டு, மணல் தூவி, அதற்கு மேல் ஈர கலவையை போட்டு மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து காயவிட்டால் கண்ணாடி தனியாக கழன்று வந்துவிடும். அந்த கண்ணாடியின் வழுவழுப்பு கல்லின் முகத்தில் அப்படியே படிந்திருக்கும். மேலே எந்த மெருகும் பூசுவது இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பூ இருப்பது மேல் அடுக்கில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும்தான். மார்பிளுக்கு பாலீஷ் போடும் மெஷினை கொண்டுவந்து ஓட்டினால் பூவே தேய்ந்து போகும். இரண்டாவது, எந்திர அழுத்தம் இல்லாததால் கல்லுக்குள் நுண்ணிய துளைகள் அதிகம். அது மூச்சு விடும் கல். கீழே இருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகத்தான் வெளியே போகிறது.

இதனால்தான் பெரியவர்கள் கழுவுகிற தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு துடைக்க சொன்னார்கள். எண்ணெய் மேல் துளைகளில் லேசாக படிந்து தண்ணீரை தடுக்கும். நடக்க நடக்க மெருகு ஏறும். கால்படும் நடுக்கூடம் பளபளப்பாகவும், யாரும் நடக்காத மூலை மங்கலாகவும் இருப்பதை பழைய வீடுகளில் பார்க்கலாம். ஒரு வாளி தண்ணீருக்கு சில சொட்டு என்பதுதான் கணக்கு. இன்னும் பளபளக்கட்டும் என்று கிண்ணம் கிண்ணமாக ஊற்றினால் தூசி எல்லாம் ஒட்டி பிசுபிசுக்கும். வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

ஆத்தங்குடி கல்லுக்கு சொன்ன எண்ணெய் வைத்தியத்தை மணற்கல்லுக்கு செய்யக்கூடாது. மணற்கல் எண்ணெயை ஆழமாக குடித்து கறுத்துவிடும்.

சரி, எப்படித்தான் கழுவுவது?

முதல் வேலை பெருக்குவது. இதை யாரும் மதிப்பது இல்லை, ஆனால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. செருப்போடு வரும் மண்ணும் மணலும் உப்புத்தாள் மாதிரி. அதன் மேலேயே தண்ணீர் ஊற்றி தேய்த்தால் கல்லை நாமே ராவுகிறோம் என்று அர்த்தம். நீண்ட நாள் பூட்டியிருந்த வீட்டில் மென்மையான விளக்குமாறால் இரண்டு முறை பெருக்கிவிட்டுத்தான் தண்ணீரை தொட வேண்டும். வவ்வால், புறா எச்சம் காய்ந்து இருந்தால் அப்படியே பெருக்காமல் தண்ணீர் தெளித்து ஊறவைத்து வழித்து எடுப்பது நல்லது. அந்த தூளை சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது, முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு வாளியில் காரமும் புளிப்பும் இல்லாத திரவ சோப்பு கொஞ்சம், இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர். சோப்பு தண்ணீரில் துடைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரோ நைலான் பிரஷ்ஷோ கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலச வேண்டும். சோப்பு மிச்சம் நின்றால் அதுவே அழுக்கை இழுக்கும். கம்பி நார் கூடவே கூடாது. அதில் உதிரும் இரும்பு தூள் கல்லின் துளைகளில் தங்கி துருப்பிடிக்கும். அதேபோல் சலவை சோடா, காஸ்டிக் மாதிரி கடுமையான காரமும் வேண்டாம். தோட்டத்து மணற்கல் பாசி பிடித்தால் பிரஷ் போட்டு தேய்க்கலாம். தண்ணீரை வேகமாக பீய்ச்சும் மெஷினை கல்லுக்கு பக்கத்தில் பிடித்தால் மணல் துகள் பெயரும். கோவில் திருப்பணிகளில் மணலை பீய்ச்சி கருங்கல்லையே சுத்தம் செய்ய போய், கல்வெட்டு எழுத்தும் சிற்பமும் தேய்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியதையும், அறநிலையத்துறை அதற்கு தடை போட்டதையும் இங்கே நினைத்துப்பார்க்கலாம்.

எண்ணெய் கறைக்கு தேய்ப்பது உதவாது, உறிஞ்சி எடுக்க வேண்டும். முல்தானி மிட்டியையோ ஆப்பச்சோடாவையோ தண்ணீரில் கெட்டியாக குழைத்து கறை மேல் அடை மாதிரி அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி ஓரத்தை ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்து தாளை எடுத்து காயவிட்டு வழித்து எடுங்கள். கல் குடித்த எண்ணெயில் ஒரு பகுதி அந்த அடைக்கு ஏறியிருக்கும். பழைய கறை என்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரும்.

கல்யாண வீட்டு மஞ்சள் கறை தனி ரகம். சுண்ணாம்பு, சிமெண்டு தரையில் மஞ்சள் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்வதே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தான். கறை சிவந்துவிட்டதே என்று பயந்து ஆசிட்டை தேட வேண்டாம். மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது. வெயில் விழும் முற்றத்து ஓரமாக இருந்தால் நாளாக நாளாக தானாகவே மங்கிவிடும்.

இனி ஆசிட் விஷயத்தில் இன்னொன்று. இது தரையை பற்றியது அல்ல, உயிரை பற்றியது. ஆசிட் ஊற்றிய இடத்தில் "இன்னும் வெள்ளையாகட்டும்" என்று ப்ளீச்சிங் பவுடரையும் தூவும் பழக்கம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில் ஆயுதமாக பயன்படுத்திய அதே வாயு. கதவு ஜன்னல் மூடிய அறையில் குனிந்து தேய்ப்பவருக்கு கண் எரிந்து, மூச்சு அடைத்து மயக்கம் வரும். அதிகமானால் உயிருக்கே ஆபத்து. தேய்ப்பது பெரும்பாலும் தினக்கூலிக்கு வரும் பெண்கள். கையில் உறை இல்லை, காலில் செருப்பு இல்லை. வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், வாசனை அவருக்கு வராது.

சீலர் பூசலாமா?

பூசலாம். ஆனால் எல்லா தரைக்கும் இல்லை, எல்லா நேரத்திலும் இல்லை, எல்லா சீலரும் இல்லை.

கடையில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று மேலே படலமாக நிற்பது. வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு தரும். பார்த்ததும் வாங்க தோன்றும். இன்னொன்று கல்லுக்குள் இறங்கி துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை உள்ளே விடாமல், உள் ஈரத்தை மட்டும் ஆவியாக வெளியே விடுவது. சிலேன், சிலாக்ஸேன் என்று டப்பாவில் போட்டிருக்கும். இது பூசினால் பளபளப்பு வராது, பூசினதே தெரியாது. மணற்கல்லுக்கும் பழைய ஆத்தங்குடி தரைக்கும் சரியானது இந்த இரண்டாவது வகைதான். முடிவாக கேட்டால் என் கட்சி இதுதான்.

காரணம், பழைய வீடுகளின் தரைக்கு கீழே ஈரத்தை தடுக்கும் பிளாஸ்டிக் தாளோ, கான்கிரீட் படுகையோ கிடையாது. மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் மேலே ஏறும். மேலே படலம் போட்டு மூடினால் ஈரம் போக வழி இல்லாமல் உள்ளேயே நிற்கும். படலத்துக்கு கீழே வெள்ளையாக உப்பு பூக்கும். கொஞ்ச நாளில் படலம் பாம்பு சட்டை மாதிரி உரியும். சில இடத்தில் கல்லின் மேல்தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

எனவே வடகிழக்கு பருவமழை காலமான ஐப்பசி, கார்த்திகையில் சீலர் பேச்சே எடுக்க வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் தரை நன்றாக காய்ந்த பிறகு செய்வதுதான் சரி. காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ரெண்டு அடிக்கு ரெண்டு அடி பிளாஸ்டிக் தாளை தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் எடுத்து பார்க்கும்போது தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. காத்திருக்க வேண்டும். புதிதாக பதித்த சிமெண்டு பூக்கல்லும் இதே சோதனையில் தேறினால்தான் பூச வேண்டும்.

பூசும்போது முதலில் மூலையில் ஒரு கல்லில் மட்டும் பூசி ஒரு நாள் விட்டு பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால் தொடரலாம். துணியாலோ பிரஷ்ஷாலோ மெல்லிசாக பூசி, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் கல் குடிக்காமல் மேலே நிற்பதை துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசின் மாதிரி காய்ந்து திட்டாக நிற்கும். அதை எடுப்பது பெரும்பாடு. கதவு ஜன்னலை திறந்து வையுங்கள். கரைப்பான் கலந்த சீலர் என்றால் பக்கத்தில் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது. ஒரு நாள் முழுக்க தண்ணீர் படக்கூடாது. சில வருடம் கழித்து தண்ணீர் சொட்டு சோதனை செய்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

சீலர் பூசிவிட்டோமே என்று புளி, எலுமிச்சம்பழத்தை அலட்சியமாக விடக்கூடாது. சீலர் கறை உள்ளே இறங்குவதை தாமதப்படுத்தும். புளிப்பு கல்லின் மேல்முகத்தை அரிப்பதை அது தடுக்காது. விற்பவர்கள் இதை சொல்வது இல்லை.

வெள்ளை பூத்தால்...

தரையில் வெள்ளை தூள் பூத்தால் அதை அழுக்கு என்று நினைத்து கழுவுகிறார்கள். அது உப்பு. தண்ணீர் ஊற்றினால் கரைந்து உள்ளே போய் மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி கூட்டி எடுத்து வெளியே கொட்ட வேண்டும். அதோடு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். முற்றத்து தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கும், கூரை தகர வாய்க்கால் ஓட்டையாகி சுவர் ஓரம் வடிந்துகொண்டிருக்கும். சுண்ணாம்பு பூச்சை கொத்திவிட்டு சிமெண்டு பூசிய சுவராக இருந்தால், சுவர் வழியாக போக முடியாத ஈரம் தரைப்பக்கம் திரும்பும். அதை சரி செய்யாமல் தரைக்கு மட்டும் வைத்தியம் பார்த்து பிரயோஜனம் இல்லை.

புது வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பூக்கல்லோ, மணற்கல்லோ பதித்து முடித்ததும் மேலே படிந்த சிமெண்டு பாலை எடுக்க சில இடங்களில் ஆசிட் தண்ணீர் ஊற்றி கழுவுகிறார்கள். குடிபோகும் முன்பே தரையின் ஆயுளில் பாதி அங்கேயே போகிறது. பதிக்கும்போதே, சிமெண்டு இறுகும் முன், ஈர ஸ்பாஞ்சால் அவ்வப்போது துடைத்தால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை. கொத்தனாரிடம் வேலை பேசும்போதே இதையும் சேர்த்து பேசிவிடுங்கள்.

ஏற்கனவே ஆசிட் ஊற்றியாகிவிட்டது என்றால்? உடனே நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும். பிறகு ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, நுரை அடங்கியதும் மறுபடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் துளைக்குள் தங்கிய ஆசிட் நாள் கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். மங்கிப்போன மார்பிளை தெரிந்த ஆள் பாலீஷ் போட்டு ஓரளவு மீட்கலாம். ஆத்தங்குடி கல்லில் பூ கரையாமல் மெருகு மட்டும் போயிருந்தால், எண்ணெய் துடைப்பில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக திரும்பும். பூவே போயிருந்தால் அந்த கல்லை மாற்றுவதை தவிர வழி இல்லை.

அதற்கு ஆத்தங்குடிக்கே போகலாம். இன்றும் அங்கே கையால்தான் வார்க்கிறார்கள். உடைந்த கல்லில் ஒன்றை கொண்டுபோய் காட்டினால் அதே பூவுக்கு அச்சு இருக்கிறதா என்று பார்த்து செய்து தருவார்கள். நிறம் நூறு சதவீதம் ஒத்துப்போகாது, பழையது பழையதுதான். பீரோவுக்கு அடியில் இருக்கும் நல்ல கல்லை பெயர்த்து நடுக்கூடத்தில் பதித்துவிட்டு, புது கல்லை பீரோவுக்கு அடியில் போட்டுவிட்டால் வருகிறவர்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.